முன் சக்கரத்துக்கு ஒரு டயர்

தாயி,

நீ போனில் கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "அய்யா, சைக்கிளுக்கு முன் டயர மாத்தணும். மறுபடியும் அந்த வழியாவே ராமேஸ்வரம் போகப்போறேன். எந்த டயர் போடலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாய். "எனக்கு என்னத்தா தெரியும், இந்தா ஒங்கம்மாட்ட பேசு" என்று போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் வயிறு முட்டக் குடித்திருந்தது. வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டயரைப் பற்றித் தெரியாது என்று நான் சொல்லி நீ கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தேவகோட்டைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் டயரில் கொண்டுவந்து முடிக்கிறவன் என்று என்னை நீயே கேலி செய்திருக்கிறாய். அப்படிப்பட்டவன் தெரியாது என்று சொன்னால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று உனக்குப் புரியாமலா போயிருக்கும்? போனில் பேசினால் எனக்குப் பாதிக்கு மேல் வராது. உடனே அங்கே மழை உண்டா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். லீவு லெட்டர் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாத கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இது ஒளித்துப் படிக்க வேண்டிய கடிதமும் இல்லை. உன் கூட்டாளிகளிடம் காட்டு, பெரியப்பா வீட்டில் உரக்கப் படித்துக் காட்டு. அப்படிப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

உன் சைக்கிள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதைப் பிடிக்கவில்லை. சைக்கிள் மேல் என்ன கோபம்? நீ அதை ஓட்டுவதுதான் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னதும் அதைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு சுற்று, சாயங்காலம் உப்பூர்ப் பக்கம் கடற்கரை மணலில் ஒரு சுற்று. டீக்கடையில் எவனாவது, "டிரைவரே, ஒங்க பிள்ளை காத்தா பறக்குது" என்றால் அது பாராட்டா நக்கலா என்று தெரியாமல் இரண்டு நாளுக்கு எனக்குச் சோறு இறங்காது. ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் அந்தச் சைக்கிளைத் தொடவும் இல்லை. வாசலில் குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு போவேன். தூறல் போட்டால், "ஏத்தா, ஒன் வண்டி நனையுது" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுப்பேனே தவிர, கையால் உருட்டித் தாழ்வாரத்துக்குள் விடமாட்டேன். என் வருத்தத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

அந்தப் புது டயர்கள் பார்சலில் வந்த அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். எத்தனையோ நாள் கம்ப்யூட்டரில் தேடித் தேடி, யார் யாரிடமோ விசாரித்து வரவழைத்தவை. அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாய். நான் எட்டிப் பார்த்தேன்.

"என்னத்தா, மொட்டை டயரா வாங்கியிருக்க? அதுவும் இம்புட்டு அகலமா?"

"மொட்டை இல்லய்யா. நடுவுலதான் வழவழன்னு இருக்கும். ஓரத்துல சின்னச் சின்னதா பட்டன் இருக்கு பாருங்க. தார் ரோட்டுல நடுப்பக்கம் உருளும், மண்ணுல வளையயில ஓரம் பிடிச்சுக்கிரும்."

"அகலமா இருந்தா இழுக்கும்த்தா. ஒல்லியா இருக்கணும், காத்து கல்லு மாதிரி இருக்கணும். அப்பத்தான் வண்டி ஓடும்."

"நம்ம ரோடு என்ன கண்ணாடியாய்யா? கல்லு மாதிரி இருந்தா ஒவ்வொரு குழிக்கும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். நான் மிதிக்கிற மிதியெல்லாம் குதிக்கிறதுலயே போயிரும். அகலமா இருந்து, காத்து கம்மியா வச்சா, டயர் அமுங்கி அந்தக் கல்ல முழுங்கிட்டுப் போகும். அதுதான் வேகம்."

நான் சிரித்தேன். உன் அம்மாவைப் பார்த்து, "கேட்டியா, காத்து கம்மியா இருந்தா வண்டி வேகமா ஓடுமாம்ல" என்றேன். நீ டயரை எடுத்துக்கொண்டு போய் ரிம்மில் மாட்ட ஆரம்பித்தாய். டியூப் இல்லாமல் மாட்டி, உள்ளே பால் மாதிரி ஏதோ ஒன்றை ஊற்றி, நம் ஊர்க் கருவேல முள் குத்தினாலும் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று அம்மாவுக்கு விளக்கினாய். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நியாயப்படுத்துவதற்கு அல்ல. பஸ் டயரில் காற்று குறைந்தால் டயர் சூடேறும், சூடேறினால் வெடிக்கும். டிப்போவை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பேன். மத்தளம் போலக் கேட்டால் ஏறி உட்காருவேன், சொத்தென்று கேட்டால் காற்று அடிக்காமல் வண்டியை நகர்த்தமாட்டேன். சர்வீஸ் முடியும் வரை என் வண்டியில் டயர் வெடித்து ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமைதான் எனக்குச் சொத்து. அத்தனை ஜனத்தையும் மூட்டையையும் சுமக்கிற பஸ்ஸுக்குத் தெரிந்த கணக்கை, ஒல்லியான ஒரு பெண் ஏறி மிதிக்கிற சைக்கிளுக்கும் போடலாம் என்று நம்பினேன். நீ சொன்னபோது காது கொடுத்திருந்தால் அந்த நம்பிக்கை அன்றைக்கே போயிருக்கும்.

நீ ராமேஸ்வரம் கிளம்பிய காலை. முந்தின நாள் பொழுது சாய்வதற்குள்ளேயே மீட்டர் வைத்த அந்தப் பம்பால் காற்றைச் சரிபார்த்து, பின்னால் கொஞ்சம் கூடவும் முன்னால் கொஞ்சம் குறைவாகவும் வைத்து, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து முடித்திருந்தாய். காலையில் நீ உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாய். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கு வந்தேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. என்னையறியாமல் குனிந்து முன் டயரை அமுக்கினேன். விரல் உள்ளே போனது. கண்மாய்க்கரை, உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம், பிறகு மண்டபம், பாம்பன் பாலம். இவ்வளவு தூரம் இந்தச் சொத்தை டயரில் பிள்ளை எப்படிப் போகும்? அந்தப் பயம் நிஜம், அதை மட்டுமாவது நம்பு. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் இருந்தாய். கேட்டால் மறுபடியும் விளக்கம் சொல்வாய், நான் மறுபடியும் தோற்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் இதற்கு மேல் அடிக்கக்கூடாது என்று ஓர் அளவு போட்டிருந்தது. அதுதான் அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டேன். நீ செய்வதைப் பார்த்திருந்ததால் வால்வைத் திருகித் திறக்கத் தெரிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் அந்த அளவை ஒட்டி ஏற்றினேன். நீ வைத்திருந்ததைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். தட்டிப் பார்த்தேன். மத்தளம். பம்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவோடு பல் விளக்கப் போனேன். "வாரேன்ய்யா" என்றாய். "பாத்துப் போ" என்றேன்.

அன்றைக்கு எனக்கு வந்த போன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பேசியது. பெரிய கண்மாய்க்கரையில் ஒரு பிள்ளை சைக்கிளோடு சரிந்து கிடந்ததாகவும், நீ நம்பர் சொன்னதாகவும் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். மழைத் தண்ணீர் அரித்துப் போட்ட பள்ளங்களும் மேலே உருண்டு கிடக்கும் சரளையுமாக, அந்தக் கரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீ கருவேல மர நிழலில் வலது கையை இடது கையில் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். முழங்கையிலிருந்து ரத்தம். முகம் வெளுத்திருந்தது. நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க?" நீ தாடையால் சரிவைக் காட்டினாய். இறங்கிப் போனேன். முன் டயர் கல்லில் பட்டுப் பக்கவாட்டில் கிழிந்து, பால் ஒழுகி மண்ணோடு குழைந்து கிடந்தது. பின் டயர் மட்டும் முழுசாக இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். கல். ஒரு மிருதுவும் இல்லை. அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சரளையில் இந்த டயர் அமுங்கியிருக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் எகிறி, பள்ளம் வந்ததும் பிடிப்பு விட்டு உன்னைச் சரிவில் தள்ளியிருக்கும். அப்போது நான் செய்ததை எழுதக் கூசுகிறது. கரைக்கு மேலே நீ கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் உனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பின் டயரின் வால்வைத் திறந்து காற்றை இறக்கிவிட்டேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. ஆடு மேய்த்தவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நீ தலையைத் திருப்பவில்லை.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். பெரியப்பா, அத்தை, மாமா என்று எல்லாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எப்படி விழுந்தாய் என்று பெரியப்பா கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பவே சொன்னேண்ணே, இந்த அகல டயர் மொட்டை டயரெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாதுன்னு. கேட்டாத்தானே? படிச்ச பிள்ளை, கம்ப்யூட்டர்ல பாத்து வாங்குது." யாரும் என்னைக் கேட்டுவிடக்கூடாது என்ற அவசரம். நீ என்னையே பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை. பிறகு, "ஆமா பெரியப்பா. நாந்தான் சரியாப் பாத்து வாங்கல" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நான் காற்றடித்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வார்த்தை அப்படி இல்லை தாயி. அதைத் தெரிந்தே சொன்னேன்.

அந்த வார்த்தை ஆஸ்பத்திரியோடு நிற்கவும் இல்லை. கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று நீ கட்டுப் போட்ட கையோடு கோயம்புத்தூர் போன பிறகு நடந்தது இது, உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியப்பா மகள் வளர்மதி ஆர்.எஸ்.மங்கலத்துக்குச் சைக்கிளில் போய்த்தானே காலேஜ் பஸ் பிடிப்பாள்? பெரியப்பா அந்தச் சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "டிரைவர் மகளே கை ஒடஞ்சு கிடக்கா, நீ எம்மாத்திரம்? ஒங்க சித்தப்பனே சொல்லிட்டான் சைக்கிள் நம்ம ஊருக்கு ஆகாதுன்னு" என்றாராம். நான் சொன்னது டயரை. அது ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது சைக்கிளே ஆகாது என்று ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோ வந்தால் அந்தப் பிள்ளை போகும், வராவிட்டால் அன்றைக்குக் காலேஜ் கிடையாது. ஒருநாள் ரோட்டோரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவளைப் பார்த்தேன். "சித்தப்பா, அக்காவுக்குக் கை சரியாயிருச்சா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் வண்டியை நிறுத்தாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போய்விட்டேன்.

உன் சைக்கிள் நெல்மூட்டை அடுக்கிய அறையில் கிடந்தது. பார்க்காமல் இருந்துவிடலாம் என்றுதான் கதவைச் சாத்தி வைத்தேன். முடியவில்லை. ஒருநாள் வெளியே இழுத்துப் போட்டு, கிழிந்த இடத்துக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை ஒட்டி, டியூப் மாட்டி, கண்மாய்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வழியில், "என்ன டிரைவரே, பஸ் போயி சைக்கிள் வந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். நீ அன்றைக்கு எதன் மேல் உட்கார்ந்து போனாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதலில் நான் அடித்த அதே அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு ஏறினேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. உள்ளங்கை எரிகிறது, பல் கிடுகிடுக்கிறது, முன் சக்கரம் என் பேச்சைக் கேட்காமல் கல்லுக்குக் கல் தாவுகிறது. இறங்கி நின்று கொஞ்சம் இறக்கினேன். மறுபடி ஏறினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கடைசியில் விரல் உள்ளே போகிற பதம் வந்தது. அதோடு ஓட்டியபோது கரை வேறு கரை மாதிரி இருந்தது. கல் எல்லாம் அங்கேயேதான் கிடந்தன, ஆனால் கைக்கு வந்து சேரவில்லை. சரி, தார் ரோட்டில் இழுக்கத்தானே செய்யும் என்று அங்கேயும் கொண்டுபோய் விட்டேன். இழுக்கவில்லை, தாயி. பாலத்து இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே போகிறது. நம் ரோட்டின் சொரசொரப்பு முழுவதையும் அந்த டயர் தின்றுவிடுகிறது. அடுத்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் கால் ஊன்றி இறங்கினேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஒரு பொட்டுகூடப் பிசகில்லை. அங்கேயே மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியே போன இரண்டு பஸ்களில் ஒன்றில் என்னோடு வேலை பார்த்தவர்தான் டிரைவர். ஹாரன் அடித்தார். நான் நிமிரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"அவளுக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"நீங்க காத்தடிச்சது. ஊரத் தாண்டுறதுக்குள்ளயே வண்டி திங்குதிங்குன்னு குதிச்சுச்சாம். எறங்கி அமுக்கிப் பாத்திருக்கா. மீட்டரு வச்சு அடிச்சத மாத்துறதுக்கு இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"தெரிஞ்சும் ஏன் இறக்கல?"

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் அதத்தான் கேட்டேன். கரையில ஏறுறதுக்கு முன்னாடி இறக்கத்தான் வால்வுல கை வச்சாளாம். 'அய்யா என் சைக்கிளத் தொட்டதே இன்னிக்குத்தாம்மா, எனக்கு இறக்க மனசு வரல'ன்னா."

தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போனேன். சரிவில் நான் காற்றை இறக்கியபோது வந்த சத்தம் உன் காதில் விழுந்திருக்கும். அதன் பிறகும் ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டாய். என்னைக் காப்பாற்றத்தான். அதுவரை நான் உன் சைக்கிளைத் தொட்டது அந்தக் காலையில் மட்டும்தான். அதைப் போய் நீ பரிசு மாதிரி ஏந்திக்கொண்டு கிளம்பியிருக்கிறாய். அது தெரிந்ததிலிருந்து எனக்கு உறக்கமும் சரியில்லை, உன் குரலைப் போனில் கேட்கிற தைரியமும் இல்லை.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அத்தையும் மாமாவும்கூட அன்று அங்கே இருந்தார்கள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். டயர்ல குத்தமில்ல, பிள்ளை மேலயும் குத்தமில்ல. அவ கணக்கா வச்ச காத்த அவளுக்குத் தெரியாம நான் ஏத்திவிட்டேன். அதுலதான் விழுந்தா. அது தெரிஞ்சும் பழிய அவ மேல போட்டேன்." பெரியப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "சரிப்பா, யாரு காத்தடிச்சா என்ன, ஒடஞ்சது ஒடஞ்சதுதானே? அதுக்குப் போயி காலங்காத்தால" என்றார். அத்தை சிரித்தாள். நான் ஏதோ பெரிய இடியை இறக்கப்போவதாக நினைத்துப் போனேன். அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. நீ மூன்று மாதம் சுமந்ததும் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்படிச் சொல்லாதண்ணே. என் பேச்ச வச்சுத்தானே வளர்மதி சைக்கிளப் பூட்டுன? அந்தப் பேச்சே பொய்ங்கிறேன். சாவியக் குடு" என்று கையை நீட்டினேன். நான் அழுது அவர் பார்த்ததில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் தராமல் வளர்மதியைப் பார்த்து எறிந்தார். "எடுத்துட்டுப் போ. ஒங்க சித்தப்பன் கைக்கு எட்டாத எடமா நிறுத்து" என்றார். இப்போது அவள் தினமும் சைக்கிளில்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். நம் வீட்டைத் தாண்டும்போது மணி அடிக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பத்து நாளும் வளர்மதியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் போனில் டயராகப் பார்த்தேன். முதலில் எனக்குப் பிடித்தது கனமான ஒரு டயர். உள்ளே தடித்த பட்டை வைத்தது, கருவேல முள் என்ன, ஆணியே இறங்காது. அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அது உருளாது, மரக்கட்டை. பக்கவாட்டில் வளையாத டயரில் காற்றைக் குறைத்தும் பயனில்லை. அது என் பயம் தேர்ந்தெடுக்கிற டயர், உன் பயணத்துக்கு ஆனது அல்ல. அடுத்து பெரிய பட்டன் டயர். கடற்கரை மணலிலும் மழைச் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உன் வழியில் பெரும்பங்கு தார். ராமநாதபுரம் தாண்டினால் பாம்பன் வரை அது ஊளையிட்டுக்கொண்டே வரும், உன் கால்தான் ஓய்ந்துபோகும். ஆகையால் நீ முதலில் வாங்கிய அதே வகைதான் என் பதில். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னப் பட்டன், மெல்லிய பக்கம், உள்ளே பால். முன்னுக்கு மட்டும் ஒரு சுற்று அகலம் கூட்டலாம். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் விரல் விட்டுப் பார்த்தேன், இடம் இருக்கிறது. அதற்கும் மேலே போகாதே, நம் கரிசல் மண் ஈரமானால் அப்பிக்கொள்ளும், டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அது உதிர்ந்து விழ வழி வேண்டும். பின்னால் இருக்கிறதே போதும், அது இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. காற்று எவ்வளவு என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அது உன் எடை, உன் வழி, உன் விரல்.

அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், இதைப் புத்திமதியாக எடுத்துக்கொண்டாலும் சரி, கெஞ்சலாக எடுத்துக்கொண்டாலும் சரி. நாளைக்கு உனக்கு வேலையில் மேலதிகாரி வருவார், வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வருவார், மாமியார் வருவார். எல்லாரும் உன் மேல் உள்ள பிரியத்தால் உன்னைக் கேட்காமல் ஏதாவது செய்து வைப்பார்கள். உனக்கு ஒத்து வராவிட்டால் அங்கேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிடு. அவர்கள் மனது நோகும் என்று சரளைக்கரையில் ஏறாதே. மனது நொந்தால் ஆறிவிடும். என்னுடையதும் ஆறியிருக்கும். அன்றைக்கு நீ வீட்டுக்குத் திரும்பி வந்து, "ஏன்ய்யா தொட்டீங்க?" என்று சண்டை போட்டிருந்தால், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பேசியிருப்பேன்.

இவ்வளவு பக்கம் எழுதியும், எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. நேற்று அம்மாவிடம் நீ பேசியபோது, பாத்திரம் தூக்கினால் மட்டும் இன்னும் சுரீரென்கிறது என்று சொன்னாயாம். அவள்தான் சொன்னாள். கரையில் உன்னைப் பார்த்ததிலிருந்து கேட்டிருக்க வேண்டிய ஒன்றை, எல்லாரும் கேட்டார்கள், ஆடு மேய்த்த மனிதர்கூடக் கேட்டார், நான் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். இப்போது கேட்கிறேன். இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடமாட்டேன், நீ கூப்பிட்டுப் பதில் சொல்.

கை ரொம்ப வலிக்குதா, ஆத்தா?